சிறு ஜெனரேட்டருக்கு எந்த ஆயில்?

வாகனத்துக்குப் போடும் கணக்கு இங்கே செல்லாது. வெப்பமும் ஓடிய மணி நேரமுமே எண்ணெயைத் தீர்மானிக்கின்றன.

தமிழ்நாட்டின் சிறு கடைகள், பட்டறைகள், கோயில் கொடைப் பந்தல்கள், ஒலிபெருக்கி மேடைகள் ஆகியவற்றில் பயன்படும் சிறு ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் காற்றால் குளிர்விக்கப்படும் ஒற்றை உருளை பெட்ரோல் என்ஜினால் இயங்குபவை. 2012-ஆம் ஆண்டை ஒட்டிய மின்பற்றாக்குறைக் காலத்தில், சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்கள் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டைச் சந்தித்தபோது, இவ்வகை ஜெனரேட்டர்கள் இல்லாமல் கடை நடத்த முடியாது என்ற நிலை பல ஊர்களில் உருவானது. மின்விநியோகம் சீரடைந்த பிறகு அவற்றுள் பல மூலையில் ஒதுங்கின. புயலோ வெள்ளமோ வரும்போது மட்டும் அவை வெளியே இழுக்கப்பட்டு, ஓய்வின்றி ஓட்டப்படுகின்றன. நெடுநாள் சும்மா கிடப்பதும், பின்பு இடைவிடாமல் உழைப்பதும் ஆகிய இவ்விரண்டு நிலைகளையும் தாங்க வேண்டிய பொருள், என்ஜினுக்குள் இருக்கும் அரை லிட்டர் அளவிலான எண்ணெயே ஆகும்.

‘என்ஜின் சீஸ் ஆகிவிட்டது’, ‘ராடு போய்விட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் இரு பெரும் பழுதுகளுக்கும் அடிப்படைக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்க் குறைவோ எண்ணெய்ச் சீர்கேடோதான். ஆயினும் எண்ணெய் வாங்கும் வேளையில் பலரும் கேட்பது ‘எது நல்ல கம்பெனி?’ என்ற கேள்வியை மட்டுமே. எந்த வெப்பத்தில், எந்த எரிபொருளில், எத்தனை மணி நேரம் இந்த இயந்திரம் ஓடப்போகிறது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. டப்பாவின் மேல் அச்சிடப்பட்டுள்ள எண்களும் எழுத்துகளும் அந்தக் கேள்விக்கான விடையைத் தம்முள் கொண்டிருக்கின்றன.

பம்ப் இல்லை, வடிகட்டியும் இல்லை

கார் என்ஜினில் மூன்று முதல் நான்கு லிட்டர் வரை எண்ணெய் இருக்கும்; அதனை ஒரு பம்ப் அழுத்தத்துடன் எல்லாப் பாகங்களுக்கும் செலுத்த, வழியில் உள்ள வடிகட்டி, தேய்மானத்தில் உதிரும் உலோகத் துகளையும் கசடையும் பிடித்து நிறுத்துகிறது. சிறு ஜெனரேட்டரில் இவ்விரண்டும் பொதுவாக இருப்பதில்லை. பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் சிறிய கரண்டி போன்ற ஒரு நீட்சி உள்ளது. கிராங்க் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது கீழே தேங்கியுள்ள எண்ணெயில் மூழ்கி எழுந்து, எண்ணெயைத் துளிகளாகவும் மூட்டமாகவும் மேலே வாரி இறைக்கிறது. பிஸ்டன், உருளைச் சுவர், கேம், வால்வு இயக்கப் பாகங்கள் ஆகிய அனைத்தும் இந்தத் தெறிப்பையே நம்பியுள்ளன. இம்முறை ‘தெறிப்பு உயவு’ எனப்படும்.

இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் கொண்டது என்பதால், இரு துருவ ஆல்டர்னேட்டர் பொருத்திய சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் ஓடியாக வேண்டும். அதாவது அந்தக் கரண்டி நொடிக்கு 50 முறை எண்ணெயை அடிக்கிறது. நூறு மணி நேரம் ஓடி முடிக்கும்போது ஒரு கோடியே எண்பது லட்சம் சுற்றுகளை அந்த எண்ணெய் கண்டுவிடுகிறது. சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் இந்த எண்ணிக்கை குறையும். சாதாரண வகையில் ஒரு விளக்கு எரிந்தாலும் முழுச் சுமை ஏறினாலும் வேகம் ஏறத்தாழ ஒன்றே.

எண்ணெயின் அளவோ மிகச் சிறியது. 163 சி.சி. கொள்ளளவுள்ள ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்ஜின் சுமார் 0.6 லிட்டர் எண்ணெயையும், 389 சி.சி. ஜிஎக்ஸ்390 என்ஜின் 1.1 லிட்டர் எண்ணெயையும் மட்டுமே கொள்கின்றன. இத்துடன் குளிர்விப்பும் சேர்ந்துகொள்கிறது. நீரால் குளிரும் என்ஜினில் வெப்பத்தின் பெரும்பகுதியை ரேடியேட்டர் வெளியேற்றிவிட, காற்றால் குளிரும் என்ஜினில் உருளையின் செதில்களும் விசிறிக் காற்றும் போக எஞ்சிய வெப்பத்தை எண்ணெயே சுமக்க நேரிடுகிறது. வெப்பநிலை ஒவ்வொரு பத்து டிகிரி செல்சியஸ் உயரும்போதும் எண்ணெய் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது உயவியலில் வழங்கும் பொது விதி. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஓடும் ஜெனரேட்டரின் எண்ணெய் ஏன் விரைவில் கருத்துத் தடித்துப் போகிறது என்பதற்கு இவ்விதியே விளக்கம்.

டப்பாவின் மேல் உள்ள எண்கள்

திரவம் ஒன்று ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு ‘பாகுநிலை’ எனப்படும். விளக்கெண்ணெய் நல்லெண்ணெயைவிட மெதுவாக ஒழுகுவது அதன் பாகுநிலை மிகுதியால்தான். எண்ணெய் சூடேறும்போது பாகுநிலை குறையும், குளிரும்போது கூடும். அமெரிக்காவில் 1905-இல் தோன்றிய வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., என்ஜின் எண்ணெய்களைப் பாகுநிலை அடிப்படையில் தரம் பிரிக்கும் முறையை உருவாக்கியது. இன்று எல்லா டப்பாக்களிலும் காணப்படும் 30, 40, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 போன்ற குறிகள் அம்முறையைச் சேர்ந்தவை.

கோட்டுக்குப் பின் வரும் எண், என்ஜின் சூடான நிலையில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. 100 டிகிரி செல்சியஸில் 30 என்ற தரத்தின் பாகுநிலை 9.3 முதல் 12.5 அலகுக்குள்ளும், 40 என்ற தரத்தின் பாகுநிலை 12.5 முதல் 16.3 அலகுக்குள்ளும் அமைய வேண்டும். இங்கே அலகு என்பது நொடிக்குச் சதுர மில்லிமீட்டர். ‘டபிள்யூ’ என்ற எழுத்துடன் வரும் முதல் எண் குளிர்நிலைக்கு உரியது. 10டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியிலும், 20டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியிலும், என்ஜினைச் சுழற்றித் தொடக்குவதற்கான வரம்புக்குள் தடிப்பு நிற்கிறதா என்று சோதிக்கப்படுகின்றன. இத்தகைய குளிர் தமிழகச் சமவெளியில் ஒருநாளும் வருவதில்லை என்பதால், முதல் எண்ணை எவ்வளவு குறைத்து வாங்கினாலும் இங்குள்ள பயனாளருக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிது. இங்கே முடிவு செய்ய வேண்டியது இரண்டாம் எண்.

ஒரே எண் மட்டும் கொண்ட எஸ்.ஏ.இ. 30 போன்றவை ஒற்றைத் தர எண்ணெய்கள். இரண்டு எண் கொண்டவை பல்தர எண்ணெய்கள். சூட்டில் நீர்த்துப்போகாமல் இருப்பதற்காக இவற்றில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கொண்ட பாலிமர்கள் சேர்க்கப்படுகின்றன. தொடர்ந்த அழுத்தத்திலும் உராய்விலும் அந்தச் சங்கிலிகள் அறுபட, 40 ஆக வாங்கிய எண்ணெய் நாளடைவில் 30-இன் இயல்பை நோக்கிச் சரியக்கூடும். ஒற்றைத் தர எண்ணெயில் அறுபடுவதற்கு இத்தகைய பாலிமர் பொதுவாக இல்லை. வெப்பப் பகுதிகளில் சிறு என்ஜின்களுக்கு எஸ்.ஏ.இ. 30 இன்றும் பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

ஹோண்டா தன் சிறு என்ஜின்களின் பொதுப் பயன்பாட்டுக்கு 10டபிள்யூ-30 எண்ணெயைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் கையேடுகளோ கவனிக்கத்தக்க ஓர் எச்சரிக்கையைத் தருகின்றன: வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் எஸ்.ஏ.இ. 30 எண்ணெயுடன் என்ஜினைத் தொடக்குவது கடினமாகும். 27 டிகிரிக்கு மேல் ஏறினால் 10டபிள்யூ-30 எண்ணெயின் செலவு கூடலாம் என்பதால் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். சென்னை, வேலூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் அந்த 27 டிகிரியைத் தாண்டியே நிற்கிறது. ஆகவே, அமெரிக்கக் கையேட்டில் கோடைக்கால விதிவிலக்காக எழுதப்பட்டது, தமிழகச் சமவெளியில் ஆண்டு முழுமைக்குமான விதியாகிவிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு எளிது. கையேடு 10டபிள்யூ-30 என்று மட்டும் சொல்லுமானால் அதனையே ஊற்றி, அளவை அடிக்கடி சரிபார்ப்பது முறை. கையேட்டில் உள்ள வெப்பநிலை அட்டவணை எஸ்.ஏ.இ. 30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ஆகியவற்றில் எதையேனும் அனுமதிக்குமானால், கோடையில் நீண்ட நேரம் சுமையுடன் ஓடும் ஜெனரேட்டருக்கு அந்தத் தடிப்பான தரம் ஏற்றது. 150 டிகிரி வெப்பத்திலும் விரைந்த உராய்விலும் எண்ணெய்ப் படலம் தாக்குப்பிடிக்கும் திறனை அளக்கும் சோதனையில் 30 தரத்துக்கான குறைந்தபட்ச மதிப்பு 2.9 ஆக இருக்க, 20டபிள்யூ-40 தரத்துக்கு அது 3.7 ஆக உள்ளது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் உதகைக்கும் குளிர் மிகும் கொடைக்கானலுக்கும் 10டபிள்யூ-30 தரமே பொருத்தம்; அங்கே தடித்த எண்ணெய் விடியற்காலையில் இழுகயிற்றைக் கனக்கச் செய்யும்.

தடித்த எண்ணெய் எப்போதும் பாதுகாப்பு என்ற எண்ணமும் பிழையானது. தெறிப்பு உயவில் எண்ணெய் சிதறிப் பரவினால்தான் மேலே உள்ள வால்வுப் பகுதியை அடையும். பம்ப் இல்லாத இடத்தில் 20டபிள்யூ-50 போன்ற மிகத் தடித்த எண்ணெயைக் கையேட்டின் அனுமதியின்றி ஊற்றினால், தொடக்க நிமிடங்களில் அப்பாகங்கள் போதிய எண்ணெய் இல்லாமல் தேயக்கூடும்.

எழுத்துகள் சொல்வது என்ன?

எண்கள் தடிப்பைக் காட்ட, எழுத்துகள் தரத்தைக் காட்டுகின்றன. 1919-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ., பெட்ரோல் என்ஜின் எண்ணெய்களை ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையாலும், டீசல் என்ஜின் எண்ணெய்களை ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையாலும் வகைப்படுத்துகிறது. இரண்டாம் எழுத்து ஆங்கில அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம் என்று கொள்ளலாம்: 2001-இல் எஸ்.எல்., 2004-இல் எஸ்.எம்., 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி. என்று வரிசை வளர்ந்துள்ளது. ஹோண்டா கையேடுகள் எஸ்.ஜே. அல்லது அதற்குப் பிந்தைய தரத்தைக் கேட்கின்றன, ஆகவே எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பி. ஆகிய எதுவும் ஏற்புடையதே. மாறாக, மலிவு விலையில் விற்கும் எண்ணெய்களில் எஸ்.ஏ., எஸ்.பி. என்ற பழைய குறிகளோ, தரக்குறியே இல்லாமையோ காணப்படுமானால் விலகிவிடுவது நல்லது, எஸ்.ஏ. என்பது சேர்மானம் எதுவும் இல்லாத வெற்று எண்ணெய். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தைக் கொண்ட பழைய ‘எஸ்.பி.’ தரமும், பதினாறாம் எழுத்தைக் கொண்ட 2020-ஆம் ஆண்டின் ‘எஸ்.பி.’ தரமும் வேறு வேறானவை என்பதால், குறியை ஆங்கில எழுத்திலேயே படித்து உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பைக்கிற்கான ‘4டி’ எண்ணெயை ஜெனரேட்டருக்கு ஊற்றலாமா என்பது கடைகளில் அடிக்கடி எழும் ஐயம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜினுக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய் பயன்படுவதால், கிளட்ச் வழுக்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஜப்பானியத் தரமான ஜாசோ ‘எம்.ஏ.’ குறிக்கிறது, அத்தகைய நிபந்தனையில்லாத ஸ்கூட்டர் எண்ணெய்களுக்கு ‘எம்.பி.’ குறி வழங்குகிறது. ஜெனரேட்டரில் இவ்வகைக் கிளட்ச் இல்லாமையால் இரண்டில் எதுவாயினும் கேடில்லை, எஸ்.ஏ.இ. எண்ணும் ஏ.பி.ஐ. எழுத்தும் கையேட்டுடன் ஒத்துப்போனால் போதும். எங்கும் எளிதில் கிடைக்கும் பைக் எண்ணெய் இவ்வகையில் ஜெனரேட்டர் உரிமையாளருக்கு வசதியானதே.

எரிபொருள் மாறினால் எண்ணெயும் மாறும்

இந்தியச் சந்தையில் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்களும் உண்டு. பெட்ரோல் எளிதில் ஆவியாகும். உருளைச் சுவர் வழியாகச் சிறிதளவு கீழே கசிந்தாலும், என்ஜின் சூடானதும் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறிவிடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி வரையிலான வெப்பத்தில் கொதிப்பது என்பதால், எரியாமல் கசிந்த பகுதி எண்ணெயிலேயே தங்கி அதனை நீர்க்கச் செய்கிறது. என்ஜின் நன்கு சூடாகும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றாமல் விடுவதும் இக்கசிவைப் பெருக்கும்.

இதனைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. எண்ணெய் ஊற்றாமலேயே டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தாலோ, அதன் நுனியில் ஒட்டிய எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்க்கும்போது வழவழப்புக் குறைந்து மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, எண்ணெய் நீர்த்துவிட்டது என்று பொருள். அளவு கூடியிருப்பதை நலம் என்று கருதி விட்டுவிடுவது, என்ஜின் சீஸ் ஆவதற்கு நேர்வழி. மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினுக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் தரங்களில் தடித்ததைத் தேர்வதும், எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் குறைப்பதும் பொருத்தம்.

காற்றால் குளிரும் சிறு டீசல் ஜெனரேட்டர்களின் நிலை வேறு. டீசல் எரியும்போது உண்டாகும் புகைக்கரி எண்ணெயில் கலப்பதால், அக்கரியைத் திரளவிடாமல் மிதக்கவைக்கும் சேர்மானம் மிகுந்த 15டபிள்யூ-40 எண்ணெய், சி.எஃப்-4 அல்லது சி.ஐ-4 தரத்தில், இவற்றுக்குப் பொதுவாக ஏற்றது. மிகச் சிறிய டூ ஸ்ட்ரோக் ஜெனரேட்டர்களிலோ தனி எண்ணெய்த் தேக்கமே கிடையாது. பெட்ரோலிலேயே ‘2டி’ எண்ணெயைக் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று கையேடு சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் என்பது கணக்கு. இவற்றில் 4டி எண்ணெயைக் கலந்தால், எரிந்த சாம்பல் ஸ்பார்க் பிளக்கிலும் சைலன்சரிலும் படியும்.

சிந்தெடிக் எண்ணெய் தேவையா?

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது மினரல் எண்ணெய். வேதிமுறையில் மூலக்கூறுகளைச் சீராக அமைத்துப் பெறுவது சிந்தெடிக் எண்ணெய். உயர்வெப்பத்தில் கெடாமல் நிற்பதிலும், ஆவியாகிக் குறையாமல் இருப்பதிலும் சிந்தெடிக் மேலானது என்பதால், கோடையில் நாள் முழுதும் முழுச்சுமையில் ஓடும் ஜெனரேட்டருக்கு அது பயன் தரும். ஆனால் விலை கூடிய எண்ணெயை ஊற்றியதால் மாற்றும் இடைவெளியை இரட்டிப்பாக்கலாம் என்று கருதுவது தவறு. வடிகட்டி இல்லாத என்ஜினில் உதிரும் உலோகத் துகளும், கசியும் எரிபொருளும், படியும் ஈரமும் எண்ணெயின் விலையைப் பார்த்துக் குறைவதில்லை. கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலன்றி இடைவெளி மாறாது. ஆண்டில் சில மணி நேரமே ஓடும் வீட்டு ஜெனரேட்டருக்கு, உரிய தரக்குறியுள்ள மினரல் எண்ணெய் தாராளமாகப் போதும்.

மணிக் கணக்கும் நாள் கணக்கும்

ஹோண்டாவின் சிறு என்ஜின்களில் முதல் எண்ணெய் மாற்றம் முதல் மாதத்தில் அல்லது 20 மணி நேரத்தில், பின்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்லது 100 மணி நேரத்தில், எது முந்துகிறதோ அப்போது செய்யப்பட வேண்டும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று இழைந்து படியும் தொடக்க மணிகளில்தான் உலோகத் துகள் மிகுதியாக உதிர்கிறது. அதனைப் பிடித்துவைக்க வடிகட்டி இல்லை என்பதாலேயே முதல் மாற்றம் அவ்வளவு விரைவாக வருகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகை மாவட்டங்களின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றுவதும் கைபேசிகளுக்கு மின்னேற்றுவதும் ஜெனரேட்டர்களின் வேலையாயின. நாளொன்றுக்கு இருபது மணி நேரம் ஓடும் இயந்திரம் ஐந்தே நாளில் நூறு மணி நேரத்தைத் தொட்டுவிடும். வழக்கமாக ஆறு மாதம் வரும் எண்ணெய், பேரிடர் காலத்தில் ஒரு வாரம்கூட வராது என்பது இதன் பொருள். புயல் எச்சரிக்கை வந்ததும் பெட்ரோலைச் சேமிப்பவர்கள், இரண்டு லிட்டர் எண்ணெயையும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டியதன் காரணம் இதுவே.

ஓடாத ஜெனரேட்டருக்கும் ஆறு மாதக் கெடு பொருந்தும். அவ்வப்போது ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தும்போது, எரிதலில் உண்டான நீராவி என்ஜினுக்குள் குளிர்ந்து எண்ணெயில் கலக்கிறது; அது அமிலங்களுடன் சேர்ந்து தாங்கிகளை அரிக்கும். மூடியின் உட்புறத்தில் வெண்மையான பால் போன்ற படிவு தென்பட்டால், எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. மாதம் ஒருமுறை சுமையுடன் அரை மணி நேரம் ஓட்டுவது அந்த ஈரத்தை வெளியேற்ற உதவும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் என்பதால், அந்தச் சோதனை ஓட்டமும் வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் மட்டுமே நடக்க வேண்டும்.

அளவு பார்ப்பதும் மாற்றுவதும்

ஜெனரேட்டரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, எண்ணெய் கீழே இறங்கச் சில நிமிடம் விட வேண்டும். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துணியால் துடைத்து மீண்டும் நுழைத்து அளவைப் பார்க்கும்போது, ஹோண்டா வகைகளில் மூடியைத் திருகாமலும், வேறு சில வகைகளில் முழுவதும் திருகியும் பார்ப்பது முறை. தவறான முறையில் பார்த்தால் அளவும் தவறாகத் தெரியும். எண்ணெய் குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. கூடினால் அது நுரைத்து, மூச்சுக்குழாய் வழியே காற்று வடிகட்டிக்கு ஏறி, வெண்ணீலப் புகையாக வெளிவரும். சரிவான தரையில் நிறுத்தினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவதால், அளவு சரியாக இருந்தும் கரண்டி வெறுமனே சுழலக்கூடும். எண்ணெய் குறைந்தால் என்ஜினைத் தானே நிறுத்தும் உணரி பல ஜெனரேட்டர்களில் உண்டு. அடிக்கடி நின்றுபோகிறது என்று அதன் கம்பியைக் கழற்றிவிடுவது, என்ஜினின் ஒரே காவலைக் கழற்றிவிடுவதாகும்.

மாற்றும்போது என்ஜின் இளஞ்சூட்டில் இருந்தால், கசடு எண்ணெயோடு சேர்ந்து முழுவதும் வடியும். வடித்த எண்ணெய், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது; சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.

ஒரு சிறு ஜெனரேட்டரின் ஆயுளை நிர்ணயிப்பவற்றுள் முதலிடம் எண்ணெயின் அளவுக்கு, இரண்டாமிடம் மாற்றும் நேரத்துக்கு, மூன்றாமிடமே தரத்துக்கும் விலைக்கும் உரியது. கையேட்டின் எண்ணுக்கும் எழுத்துக்கும் பொருந்தும் நடுத்தர விலை எண்ணெயை நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுபவரின் இயந்திரம், மிக உயர்ந்த சிந்தெடிக் எண்ணெயை ஊற்றிவிட்டு அடுத்த புயல்வரை மறந்துவிடுபவரின் இயந்திரத்தைவிட நெடுநாள் உழைக்கும். ஓடிய மணி நேரத்தை ஒரு தாளில் எழுதி ஜெனரேட்டரிலேயே ஒட்டிவைப்பது செலவில்லாத வேலை. எண்ணெய்த் தேர்வில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலையும் அதுவே.